உஷார்! சிவப்பு விளக்கு எரியும் டிஸ்க்கில் கை வைக்கும் முன்…

சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பக்கம் வரிசையாக நான்கு ஹார்டு டிஸ்க். மூன்றில் பச்சை விளக்கு, ஒன்றில் சிவப்பு. உள்ளேயிருந்து விடாமல் பீப் சத்தம். குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவரோ, தேக்கடிப் பக்கம் விடுதி நடத்துபவரோ உடனே சர்வீஸ் ஆளுக்கு போன் போடுகிறார்.

“தம்பி, டிஸ்க் ஒண்ணு போயிருச்சு போல. புதுசு ஒண்ணு அலமாரியில கிடக்கு. கழட்டி மாட்டிரவா?”

“மாட்டிருங்கண்ணே. ஹாட் ஸ்வாப்தான், ஓடும்போதே மாத்தலாம்.”

உஷார்! இந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. ஓடும்போதே மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் எந்த டிஸ்க்கை, எப்போது, எதை முடித்துவிட்டு, எதை மாட்டி, எந்தப் பொத்தானைத் தொடாமல் மாற்றுவது என்பதை அந்தத் தம்பி சொல்லவில்லை. ஆபத்து முழுக்க அங்கேதான் இருக்கிறது. ரெய்டு முறையில் சரியாக அமைத்த சர்வரில் ஒரு டிஸ்க் பழுதானதால் மட்டும் டேட்டா போய்விடாது. பழுதுக்குப் பிறகு பதற்றத்தில் நாம் செய்கிற காரியங்கள்தான் அதைக் கொண்டுபோகின்றன. ஐந்து வருடக் கணக்கு ஐந்து நிமிடத்தில் போகும்.

இதை மலைப்பகுதிக்காரர்களுக்கு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலானால் இடி மின்னல். இடி இடித்தால் கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். பல வருடம் நிற்காமல் சுற்றிய பழைய டிஸ்க்குகளுக்கு இந்த நின்று நின்று கிளம்புதல் ஆகவே ஆகாது. டிஸ்க் சாகிற நேரமும் நமக்கு வசதியான நேரமாக இருப்பதில்லை. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் மும்முரமாக நடக்கும் பருவத்தில், எந்த விவசாயியின் காய் எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் வியாபாரிகளின் அலுவலகச் சர்வர்களில்தான் இருக்கிறது. எஸ்டேட் தொழிலாளியின் சம்பளக் கணக்கும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும், ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை முடிவும், கூட்டுறவு சங்கத்தின் கடன் பேரேடும் அப்படித்தான். அழிந்தால் நஷ்டம் சர்வர் வைத்திருப்பவருக்கு மட்டும் இல்லை. காய் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் விவசாயிக்கும்தான்.

ரெய்டு என்பது என்ன என்று தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று புரியும். 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்த யோசனை இது. மூன்று எண்களை மூன்று தாளில் எழுதி, அவற்றின் கூட்டுத்தொகையை நான்காவது தாளில் எழுதி வையுங்கள். ஏதாவது ஒரு தாள் தொலைந்தாலும் மற்ற மூன்றை வைத்து அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். ரெய்டு 5 ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. இரண்டாவது தாளும் தொலைந்தால்? அவ்வளவுதான், கணக்கு தீர்ந்தது. சிவப்பு விளக்கு எரியும் நேரத்தில் உங்கள் சர்வர் ஒரு தாளைத் தொலைத்துவிட்டு மீதியை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. திரையில் ‘டிகிரேடட்’ என்று காட்டும். வெளியே எல்லாம் சரியாக ஓடும். பில் போடலாம், ஸ்டாக் பார்க்கலாம். ஆனால் இன்னொரு டிஸ்க்கை இழக்கும் சக்தி அதற்கு இல்லை. ரெய்டு 6 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு டிஸ்க் அளவு அவகாசம் உண்டு. ரெய்டு 0 என்று போட்டிருந்தால் பாதுகாப்பே கிடையாது. அதில் ஒரு டிஸ்க்கைத் தொட்டாலும் மொத்தமும் போச்சு. உங்கள் பெட்டியில் இருப்பது எந்த வகை என்று தெரியாதவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு, அமைத்துக் கொடுத்தவரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

முதல் ஆபத்து, பழுதான டிஸ்க்கை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை உருவுவது. யாராவது அப்படிச் செய்வார்களா என்று தோன்றும். செய்வார்கள், அதுவும் தெரிந்தவர்களே. காரணம் எளிமையானது. மனிதர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிறார். சர்வர் பெரும்பாலும் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறது. திரையில் “டிஸ்க் 2 பழுது” என்று வந்தால், ஆள் இடமிருந்து இரண்டாவதை இழுக்கிறார். பழுதானதோ மூன்றாவது இடத்தில் இருக்கிறது. இழுத்த அந்த நொடியில் இரண்டு தாள் தொலைந்த கதை. சில பெட்டிகளில் எண் மேலிருந்து கீழாகப் போகும், சிலவற்றில் இடமிருந்து வலமாக. லினக்ஸ் சர்வர்களில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று காட்டும் பெயர்களை நம்பவே கூடாது. ஒருமுறை அணைத்துப் போட்டால் நேற்று எஸ்டிபி ஆக இருந்தது இன்று எஸ்டிசி ஆகிவிடலாம்.

அனுபவம் இருந்தாலும் இந்தத் தவறு விடாது. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் என்ற உலகப் புகழ்பெற்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். டேட்டாபேஸில் கோளாறு. நீண்ட நேரம் போராடிய பொறியாளர், துணைச் சர்வரில் இருந்த டேட்டாவை அழித்துவிட்டுப் புதிதாக நகலெடுக்க நினைத்தார். அழிக்கும் கட்டளையை அவர் கொடுத்தது முதன்மைச் சர்வரில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. பேக்கப்பைத் தேடிப் போனால், வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. அன்று தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்திருந்த நகல்தான் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா திரும்பவில்லை. உருவுவது டிஸ்க்காக இருந்தாலும் அழிப்பது கோப்பாக இருந்தாலும், களைத்த கண்ணும் பதறிய கையும் “இதுதான் அது” என்று உறுதியாக நம்பும்போதுதான் பெரும் நாசம் நடக்கிறது.

டிஸ்க்குக்கு நம்பகமான அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: அதன் சீரியல் நம்பர். பழுதான டிஸ்க்கின் சீரியல் நம்பரைச் சர்வரின் மேலாண்மைத் திரை காட்டும். அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ‘லொகேட்’ வசதியை இயக்கினால் அந்த டிஸ்க்கின் விளக்கு மட்டும் தனியாக மின்னும். எச்பி புரோலியன்ட் போன்ற சர்வர்களில் நீல விளக்கு எரியும். அதே சர்வர்களின் புதிய தலைமுறை டிஸ்க் தட்டுகளில் வெள்ளை விளக்கு ஒன்றும் உண்டு. வெள்ளை எரிந்தால் ‘எடுக்காதே’ என்று பொருள். ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் போனதும் மீதி நல்ல டிஸ்க்குகளில் இந்த வெள்ளை விளக்கு வந்துவிடும். அதைப் பார்த்தும் கை நீட்டுபவர் யாராக இருந்தாலும் தடுத்து நிறுத்துங்கள். லொகேட் வசதியே இல்லாத மலிவான பெட்டியா? ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கவிட்டு விளக்குகளைப் பாருங்கள். நல்ல டிஸ்க்குகள் எல்லாம் படபடவென்று மின்னும், செத்தது அசையாமல் நிற்கும். இது துணை அடையாளம்தான். கடைசித் தீர்ப்பு சீரியல் நம்பருக்கே.

ஆள் சரி, டிஸ்க் சரி என்றாலும் உடனே உருவ வேண்டாம். இரண்டாவது ஆபத்துதான் இருப்பதிலேயே பெரியது.

ஒரு டிஸ்க் செத்தால், கூடப் பிறந்தவையும் அதே வயதுதான். நான்கு டிஸ்க்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கி மாட்டியவை. ஒரே வெப்பம், ஒரே கரண்ட் வெட்டு, ஒரே வேலைப் பளு. 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் விவரத்தை ஆராய்ந்தபோது, டிஸ்க் பழுதுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடப்பவை அல்ல என்று தெரிந்தது. ஒன்று போனால் அடுத்ததும் சீக்கிரம் போகும் வாய்ப்பு கூடுகிறது. அதே ஆண்டு கூகுள் தன் டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், முதல் வாசிப்புப் பிழையைக் காட்டிய டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாததைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதைவிடக் கவலை தரும் விஷயமும் அதில் உண்டு. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்தன. “மத்த மூணும் பச்சையாத்தானே இருக்கு” என்ற நிம்மதிக்கு இடமே இல்லை.

இதில் உச்சமான உதாரணம் 2019 நவம்பரில் வந்தது. எச்பி என்டர்பிரைஸ் நிறுவனம், தான் விற்ற சிலவகை எஸ்எஸ்டி டிஸ்க்குகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று அறிவித்தது. அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம். உள்ளே இருக்கும் மென்பொருளில் பிழை. செத்தால் டிஸ்க்கும் திரும்பாது, டேட்டாவும் திரும்பாது. ஒரே நாளில் மாட்டிய எல்லா டிஸ்க்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாகும். எந்த ரெய்டும் அங்கே உதவாது. 2020 மார்ச்சில் 40,000 மணி நேரத்தில் சாகும் இன்னொரு வகைக்கும் அறிவிப்பு வந்தது. பிழையைத் திருத்தும் மென்பொருளையும் தந்தார்கள். ஆனால் அறிவிப்பைப் படித்து, திருத்தத்தைப் போட்டவர்களுக்குத்தான் அது பயன்பட்டது. உங்கள் சர்வர் தயாரிப்பாளரின் இத்தகைய அறிவிப்புகள் யார் மின்னஞ்சலுக்கு வருகின்றன? அந்த ஆள் இன்னும் வேலையில் இருக்கிறாரா? கேட்டுப் பாருங்கள்.

புது டிஸ்க்கை மாட்டியதும் சர்வர் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். மீதியிருக்கும் டிஸ்க்குகளை முதலிலிருந்து கடைசிவரை ஒரு துளி விடாமல் வாசித்து, தொலைந்த பகுதியைக் கணக்கிட்டுப் புது டிஸ்க்கில் எழுதுகிறது. இதற்கு ரீபில்டு என்று பெயர். வருடக்கணக்கில் யாரும் தொடாத மூலைகளையும் அது வாசிக்க வேண்டும். நான்கு 4 டிபி டிஸ்க் இருந்தால், மீதி மூன்றிலிருந்து 12 டிபியை வாசித்தாக வேண்டும். சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதக் கணக்கு, சுமார் 12.5 டிபி வாசித்தால் ஓரிடத்தில் வாசிக்க முடியாத பிழை வரலாம் என்பது. நடைமுறையில் பல டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் உங்கள் வாழ்நாள் கணக்கை அந்த விளிம்பில் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டுமா? பழைய டிஸ்க்குகளுக்கு அவற்றின் வாழ்நாளிலேயே கடுமையான சோதனை ரீபில்டு நடக்கும் அந்த இரவுதான்.

ஆகவே டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் பேக்கப். சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முக்கியமான டேட்டாவை வேறொரு பெட்டிக்கு நகலெடுங்கள். முதலில் டேலி, டேட்டாபேஸ், சம்பளக் கணக்கு. அப்புறம் ஸ்கேன் செய்த ஆவணங்கள். சிசிடிவி பதிவுகள் கடைசியில், நேரம் இருந்தால். எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று நம்பியவர்கள்தான் கிட்லேப்காரர்கள். “ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்கு?” என்று கேட்பவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். கையால் அழித்ததையும், வைரஸ் பூட்டியதையும், தீயில் வெந்ததையும் ரெய்டு காப்பாற்றாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ரான்சம்வேர் பூட்டியபோது நோயாளிகளைப் பதிவு செய்வதுகூடப் பல நாள் கையெழுத்தில்தான் நடந்தது. நோயாளிகளின் டேட்டா திரும்பக் கிடைத்தது, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால். தென் கொரியாவில் நேர்மாறாக நடந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரில் அரசின் டேட்டா சென்டரில் யூபிஎஸ் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் இருந்த 858 டிபி அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியிடத்தில் பேக்கப் வைக்கவில்லை. அவ்வளவு வளமான, தொழில்நுட்பத்தில் முன்னேறிய நாட்டில் இது நடந்தது. நகல் ஒன்று குமுளியில் இருந்தால் இன்னொன்று கம்பத்திலோ கட்டப்பனையிலோ இருக்கட்டும்.

அடுத்து, மாட்டப் போகும் புது டிஸ்க். அது உண்மையிலேயே புதுசா?

2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு மோசடி வெளியானது. சீகேட் நிறுவனத்தின் சர்வர் டிஸ்க்குகள் என்று புதிதாக விற்கப்பட்டவை, ஏற்கெனவே பல்லாயிரம் மணி நேரம் ஓடித் தேய்ந்தவை. பயன்பாட்டு மணி நேரத்தைப் பூஜ்யமாக மாற்றி, பாலித்தீன் உறை போட்டு விற்றிருக்கிறார்கள். வழக்கமான சோதனைப் பதிவில் பூஜ்யம் காட்டியவை, டிஸ்க்கின் இன்னொரு உள்பதிவைத் திறந்ததும் 15,000 முதல் 50,000 மணி நேரம் வரை காட்டின. கிரிப்டோ நாணயத்துக்காக இரவு பகலாக உழைத்தவையாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. பல நாட்டுச் சந்தைகளில் இத்தகையவை சிக்கின. அதனால் ‘பாதி விலை’ என்று ஆன்லைனில் கண்ணுக்குத் தெரிகிற டிஸ்க்கைச் சர்வருக்கு வாங்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கி, சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையத்தில் போட்டு உத்தரவாதம் எதுவரை என்று பார்த்து, முழுச் சோதனை ஒன்றை ஓட்டிய பிறகே சர்வருக்குப் போகட்டும்.

புதிதாக இருந்தாலும் தப்பான வகையாக இருக்கலாம். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்ட விஷயம் இது: சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சிலவற்றில் எஸ்எம்ஆர் என்ற எழுதும் முறை இருந்தது. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நெருக்கி எழுதும் முறை அது. அன்றாட உபயோகத்தில் வித்தியாசம் தெரியாது. ரீபில்டில்தான் தெரியும். மற்ற டிஸ்க்கில் ஒரு நாளுக்குள் முடிகிற ரீபில்டு இதில் ஒன்பது நாளைத் தாண்டியதை ஒரு சோதனையில் கண்டார்கள். சில பெட்டிகள் பொறுமையிழந்து இந்த டிஸ்க்கையே பழுதென்று வெளியே தள்ளிவிட்டன. கடையில் கேட்கும்போது, தடங்கள் இப்படிப் படியாத ‘சிஎம்ஆர்’ வகை டிஸ்க்தானா என்று கேட்டு, பில்லில் மாடல் எண்ணை முழுசாக எழுதி வாங்குங்கள். கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஒரு துளி குறைந்தாலும் சர்வர் ஏற்காது. இணைப்பு வகையும் மாறக் கூடாது: எஸ்ஏஎஸ் இருந்த இடத்தில் எஸ்ஏஎஸ், சாட்டா இருந்த இடத்தில் சாட்டா.

அவசரத்துக்கு இந்த டிஸ்க் குமுளியில் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. மதுரையோ கொச்சியோ, எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் லோயர் கேம்ப் மலைப்பாதையில் மண் சரிந்தால் அந்த வழியும் அடைபடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி மாவட்டத்தில் எத்தனை சாலைகள் துண்டாயின என்பதைப் பார்த்தவர்கள் நாம். சரியான வகை டிஸ்க் ஒன்றைச் சோதித்து, மறுபடி உறையிலிட்டு அலமாரியில் வைத்திருங்கள். விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள். பஸ்ஸில் பார்சலில் வருகிற டிஸ்க் என்றால் நல்ல மெத்தைப் பொதியில் வரச் சொல்லுங்கள். மழைக்குளிரில் வந்து சேர்ந்ததை உடனே உறை பிரித்து ஓடவிடவும் கூடாது. சில மணி நேரம் அறையிலேயே கிடந்து வெப்பம் சமமாகட்டும். உள்ளே ஈரம் கோத்துவிட்டால் புது டிஸ்க்கும் போய்விடும்.

உருவுவதற்கு முன் இன்னொரு கேள்வி. உங்கள் பெட்டியில் உண்மையிலேயே ஓடும்போது மாற்றும் வசதி இருக்கிறதா? முன்பக்கத்தில் நெம்புகோல் வைத்த தட்டுகளோடு வரும் சர்வர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் பெரும்பாலும் இருக்கும். சாதாரண கணினியையே சர்வராகப் பயன்படுத்துகிற இடங்களில், மூடியைத் திறந்து ஓடும் டிஸ்க்கின் வயரைப் பிடுங்குவது தீக்குள் கைவிடும் வேலை. பக்கத்து டிஸ்க்கின் வயர் அசைந்தாலே போதும். அங்கே அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஆனால் பல வருடம் அணைக்காமல் ஓடிய டிஸ்க், அணைத்தபின் மறுபடி கிளம்பாமலே போவது உண்டு. அதற்காகவும்தான் அணைப்பதற்கு முன்பே பேக்கப் என்று மறுபடி சொல்கிறேன்.

வசதி உள்ள பெட்டி என்றால் இப்படிச் செய்யுங்கள். இடி மின்னல் ஓய்ந்த, கடை அடைத்த நேரம். யூபிஎஸ் பேட்டரி தாங்குமா என்று முன்பே பார்த்தாயிற்று. சீரியல் நம்பர் எழுதிய தாள் கையில். அதைப் படித்துச் சரிபார்க்கப் பக்கத்தில் இன்னொரு ஆள். சர்வர் அந்த டிஸ்க்கைத் தானாக விலக்கவில்லை என்றால், மேலாண்மைத் திரையிலிருந்து முறைப்படி விலக்குங்கள். கையில் நிலைமின்சாரம் போக, தரையோடு இணைந்த உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். நெம்புகோலைத் திறந்து டிஸ்க்கை ஓர் அங்குலம் மட்டும் வெளியே இழுத்து நிறுத்துங்கள். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 முறையோ அதற்கு மேலோ சுற்றிக்கொண்டிருக்கும். அது அடங்க அரை நிமிடமாவது வேண்டும். வெளியே எடுத்ததும் அதன் மேலுள்ள சீரியல் நம்பரைத் தாளோடு ஒப்பிடுங்கள். திரையில் மற்ற எல்லா டிஸ்க்கும் நலமா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் புதியது உள்ளே போக வேண்டும், நேராக, நெம்புகோல் ‘க்ளிக்’ என்று பூட்டும்வரை. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது இந்த ஐந்து நிமிடத்துக்கு அப்படியே பொருந்தும்.

செத்த டிஸ்க்கையே கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுவது நம் ஊரில் பழக்கம். “கழட்டி மாட்டினா சரியாயிரும்ணே” என்று சொல்லும் ஆளைச் சர்வர் அருகே விடாதீர்கள். விளக்கு பச்சையாக மாறலாம். சாகப் போகிற டிஸ்க்கில் ரீபில்டு ஓடும், பாதியில் நிற்கும், நல்ல டிஸ்க்குகள் வீணாக உழைத்துக் களைக்கும்.

இனி பொத்தான்கள். இங்கேதான் என் பயம் அதிகம். புது டிஸ்க்கை மாட்டியதும் பல சர்வர்கள் தானாகவே ரீபில்டைத் தொடங்கிவிடும். சிலவற்றில் திரையில் போய்த் தொடங்க வேண்டும். சேமிப்புப் பெட்டிகளில் ‘ரிப்பேர்’ என்று இருக்கும். ‘இனிஷியலைஸ்’, ‘கிரியேட்’, ‘கிளியர் கான்பிகரேஷன்’ என்று கேட்டால் கையை எடுங்கள். அவை பழுது பார்க்கும் பொத்தான்கள் அல்ல. இருப்பதைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கும் பொத்தான்கள். வேறொரு சர்வரில் ஓடிய டிஸ்க்கை இதில் மாட்டினால் ‘ஃபாரின்’ என்று காட்டும். அப்போது தோன்றும் கேள்விகளுக்குத் தவறாக ‘ஆமாம்’ சொன்னால் அந்தப் பழைய அமைப்பு இங்கே இறங்கிக் குழப்பும். சர்வருக்கு முழுக்க வெறுமையான டிஸ்க்கையே கொடுங்கள். திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் பதில் சொல்லுமுன் போனில் படம் எடுத்துச் சர்வீஸ் ஆளுக்கு அனுப்புங்கள். அவர் “தெரியலையே” என்றால் அவரும் தொடக் கூடாது, தெரிந்தவரைத் தேடுங்கள்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் சிவப்பு வந்தால்? இடி விழுந்த இரவுக்குப் பிறகு இது நடக்கலாம். எதையும் உருவாதீர்கள், எதையும் அமுக்காதீர்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே நொடியில் சாவதைவிட, கேபிளோ பவர் சப்ளையோ கன்ட்ரோலர் அட்டையோ கோளாறாவதற்கே வாய்ப்பு அதிகம்; டேட்டா டிஸ்க்கில் பத்திரமாக இருக்கக்கூடும். ஒன்று முன்பே விலகி இன்னொன்று பின்னால் விலகியது என்றால், முதலில் விலகியதில் இருப்பது பழைய டேட்டா. அதைக் கட்டாயப்படுத்தி உள்ளே சேர்த்தால் பழையதும் புதியதும் கலந்து எல்லாமே குப்பையாகும். அணைத்து வைத்துவிட்டு, டேட்டா மீட்கும் நிபுணரிடம் கொண்டுபோங்கள்.

ரீபில்டு தொடங்கியபின் பொறுமை வேண்டும். 4 டிபி டிஸ்க்கை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினால் 11 மணி நேரத்துக்கு மேல். சர்வரில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இரட்டிப்பாகும். 16 டிபி என்றால் நொடிக்கு 200 எம்பி போனாலும் 22 மணி நேரம். அது முடியும்வரை கனமான வேலை எதுவும் வேண்டாம், சர்வரை அணைக்கவும் வேண்டாம். முடிந்ததும் திரையில் ‘ஆப்டிமல்’ அல்லது ‘ஹெல்தி’ என்று வந்ததா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். “எல்லாம் ஆட்டோமேட்டிக்” என்ற நம்பிக்கையின் விலையை டோக்கியோ பங்குச் சந்தை கொடுத்தது. 2020 அக்டோபர் 1 அன்று சேமிப்புக் கருவி ஒன்றில் மெமரி பழுது. மாற்றுக் கருவி தானாகப் பொறுப்பேற்றிருக்க வேண்டும். ஓர் அமைப்பு தவறாக இருந்ததால் ஏற்கவில்லை. நாள் முழுவதும் வர்த்தகம் நின்றது. தலைவர் கோய்ச்சிரோ மியாஹாரா பதவி விலகினார். நம் தேசியப் பங்குச் சந்தையிலும் 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறியபோது சேமிப்பு அமைப்பும் சேர்ந்து நின்றதில் வர்த்தகம் முற்பகல் 11.40 முதல் நான்கு மணி நேரம் முடங்கியது. அவர்களிடம் இல்லாத மாற்று ஏற்பாடா?

கழற்றிய டிஸ்க்கை ஆக்கர் கடையில் போடாதீர்கள். செத்த டிஸ்க்கிலும் டேட்டா இருக்கிறது. தேக்கடியின் விடுதிகள் வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், ஒவ்வொரு விடுதியின் கணினியிலும் பாஸ்போர்ட் நகல்கள் நிறைந்திருக்கும். ஆஸ்பத்திரி டிஸ்க்கில் நோயாளியின் ரகசியம். அமெரிக்காவில் மார்கன் ஸ்டான்லி நிறுவனம் பழைய டிஸ்க்குகளை அனுபவமில்லாத ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, அவை வாடிக்கையாளர் விவரத்தோடு ஏலத்துக்குப் போனதில், 2022இல் 3.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. நம் நாட்டிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. துளையிட்டு, தட்டை உடைத்து, பிறகு மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

குமுளி, கம்பம், கட்டப்பனை, போடி என்று எந்தப் பக்கம் சர்வர் வைத்திருந்தாலும் ஒரு வேண்டுகோள். விளக்கு பச்சையாக இருக்கும் இன்றைக்கே, ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் அது இருக்கும் தட்டின் மேல் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். ரெய்டு எந்த வகை, பேக்கப் எங்கே இருக்கிறது, மாற்று டிஸ்க் எந்த அலமாரியில் இருக்கிறது, யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சர்வர் அறைக் கதவில் ஒட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பீப் சத்தம் கேட்கும் பணியாளருக்கு, “யாரும் தொடாதீங்க, முதல்ல இந்தத் தாளைப் படிங்க” என்று இப்போதே சொல்லி வையுங்கள்.